டான் அங்கிளுக்குப் பதில் ஆள்

தண்ணீரைப் பற்றி ஜலாலுதீன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு வாய் உலர்ந்துவிடும். நீர்த்தேக்கத்தில் மிதக்கிற சோலார் நிலையத்தின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர். தினமும் வேலை தொடங்குமுன் ஆட்களைப் படகுத்துறையில் வட்டமாக நிறுத்தி டூல்பாக்ஸ் மீட்டிங் என்கிற பாதுகாப்புக் கூட்டத்தை நடத்துவார். மின்சாரம், வெயில், மின்னல் எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிடுவார்.

"மேல பேனல், கீழ இருட்டு. உள்ள போயிட்டா எந்தப் பக்கம் வானம்னே தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாம ஒருத்தன் கால் வைக்கக்கூடாது. நீச்சல் தெரியாதவனையும் அது காப்பாத்தும்."

ஆட்கள் அதை அக்கறை என்று நினைத்தார்கள். அக்கறை இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதில் முக்கால்வாசி பயம். ஜலாலுதீனுக்கு நீச்சல் தெரியாது. அடுக்குமாடிக் கூரைகளில் பேனல் பொருத்திக்கொண்டு ராஜா மாதிரி இருந்தவரை, பதவி உயர்வு என்று சொல்லி கம்பெனி இங்கே அனுப்பிவிட்டது. நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வானேன் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார். படகில் ஏறினால் நட்டநடுவில் உட்கார்ந்துகொள்வார். விஷயம் தெரிந்தவள் ஆங் மோ கியோ வட்டாரத்து வீட்டில் இருக்கும் மனைவி ரபியா ஒருத்திதான்.

அந்தப் புதன்கிழமை மீட்புப் பயிற்சி. மேலாளர் வைஷாலி நேரில் பார்க்க வந்திருந்தாள். ஆள் உயரப் பொம்மை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, படகில் போய்த் தூக்கிவர வேண்டும். பொம்மைக்கு ஆட்கள் டான் அங்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். டெக்னீஷியன் ரஞ்சன் கொட்டகையிலிருந்து அவரை இழுத்து வந்தபோது, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வயிறு இல்லை.

"நீர்நாய் வேலை, பாய்," என்றான் ரஞ்சன். "குடும்பத்தோட வந்து சாப்பிட்டிருக்கு."

"பரவாயில்ல, யாராவது ஒருத்தர் இறங்கட்டும்," என்றாள் வைஷாலி. "அதான் லைஃப் ஜாக்கெட் இருக்கே."

ஜலாலுதீன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"ரஞ்சன், நீ சாங்கி கடல்லயே நீந்துறவனாச்சே."

"கடல்ல நீந்துவேன் பாய். இங்க கீழ இருட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது பேனலுக்கு அடியில போனாத்தான்."

"எனக்கு ரிஸ்க் வேணாம் லா."

இத்தனை காலம் பேசிப் பேசிச் சேர்த்த பயம் மொத்தமும் இப்போது அவர் மடியிலேயே வந்து விழுந்தது. அப்போது பார்த்துப் படகோட்டி அன்வர் வாயைத் திறந்தான்.

"பாயே இறங்கலாமே. ஜாக்கெட்டைப் பத்தி அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

அன்வர் மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. முட்டி வலி, பிரஷர், வயிற்றுக் கோளாறு என்று சாக்குகள் ஜலாலுதீனின் நாக்கு நுனிவரை வந்து நின்றன. நீச்சல் தெரியாது என்ற உண்மையும் கூடவே நின்றது. ஆனால் அதைச் சொல்லித் தப்பித்தால், தெரியாதவனையும் காப்பாற்றும் என்று தினமும் சொன்னதெல்லாம் என்ன ஆவது? நாளைக் காலையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தில் நிற்பது?

ஜாக்கெட்டை மாட்டினார். பக்கிளை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். போனை ரஞ்சனிடம் கொடுத்தார்.

"வீட்டுக்குச் சொல்ல வேண்டி வந்தா, மெதுவாச் சொல்லு."

"என்ன பாய் சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல."

குதிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படிக்கு வந்ததும் கை பிடியை விட மறுத்தது. விடலாமா வேண்டாமா என்று அவர் அதனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே கால் பாசியில் வழுக்கியது.

மூக்கில் தண்ணீர் ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கலிமா சொன்னார். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்தாயிற்று என்று மூழ்குவதற்காகக் காத்திருந்தார். மூழ்குவதற்கு ரொம்ப நேரம் ஆகிறதே என்று தோன்றியது. பக்கத்தில் படகு எஞ்சின் சத்தம் கேட்டது.

"பாய், கண்ணைத் தொறங்க," என்றான் அன்வர்.

திறந்தார். தாடை தண்ணீருக்கு மேலே இருந்தது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இருந்தும் அவர் உள்ளே போகவில்லை. ஜாக்கெட் அவரைக் கக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்வர் கொக்கிக் கம்பை நீட்டினான். ஜலாலுதீன் அதை ஒதுக்கித் தள்ளினார்.

"கொஞ்சம் இரு."

"டைம் ஓடுது பாய்."

"ஓடட்டும்."

கையை லேசாக அசைத்துப் பார்த்தார். உடம்பு திரும்பியது. மறுபக்கம் அசைத்தார். மறுபக்கம் திரும்பியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"அவர் மயங்கின மாதிரி கிடக்கணும்," என்று கரையிலிருந்து வைஷாலி கத்தினாள். "ஏன் சிரிக்கிறாரு?"

பயிற்சி தோல்வி என்று முடிவாயிற்று. விபத்துக்குள்ளானவர் மீட்கப்பட ஒத்துழைக்கவில்லை என்பதுதான் காரணம். அடுத்த மாதம் திரும்பவும் நடத்த வேண்டுமாம்.

மறுநாள் காலை மீட்டிங்கில் ஜலாலுதீன் மின்சாரம், வெயில், மின்னலை முடித்துவிட்டுத் தண்ணீருக்கு வந்தார். நீண்ட பேச்சுக்குத் தயாராக ரஞ்சன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டான். ஜலாலுதீன் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றார். "ஜாக்கெட்டைப் போட்டா மூழ்க மாட்டீங்க. இவ்வளவு நாளும் சொன்னேன், நானே நம்பல. இன்னைக்கு நம்பிச் சொல்றேன்."