மூன்றாவது குண்டு

ராய்ஸின் முகம் பிக்கப் வண்டியின் கதவில் மோதிய சத்தம் தேவாலயத்துக்குள் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். ட்வைலா ஓடி வருவதற்குள் அப்பா அவன் தலைமயிரைப் பிடித்து இரண்டாவது முறையும் மோதிவிட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுடா. என் துப்பாக்கி மேல பழி போடு, பாப்போம்."

"உங்க குழல்தான்பா." ராய்ஸ் ரத்தத்தைப் பனியில் துப்பினான். "சூடானா குண்டு மேல ஏறும். வெண்டல் எத்தன வருஷமா சொன்னான். கேட்டீங்களா?"

அப்பா அவன் விலாவில் உதைத்தார். ட்வைலா குறுக்கே விழுந்தாள். அவருடைய முழங்கை அவள் உதட்டைக் கிழித்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

"அப்பா, உள்ள பெட்டியில வெண்டல் அண்ணன் கெடக்கான்பா!"

பாதிரியார் வாசல்வரை வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போன சனிக்கிழமை வெண்டல் ஓர் எல்க் மானைச் சுட்டு, முழங்கைவரை கையை அதன் வயிற்றுக்குள் விட்டுக் குடலை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. புதருக்குள்ளிருந்து கரடி வந்தது. மேட்டில் குதிரையோடு நின்ற ராய்ஸிடம் அப்பாவின் துப்பாக்கி இருந்தது. முதல் குண்டு கரடியின் திமிலில் பாய்ந்தது. இரண்டாவது விலாவில். கரடி விழவில்லை. வெண்டலின் தோளைக் கவ்வி, ஈரத்துணியை உதறுவதுபோல் உதறிக்கொண்டிருந்தது. மூன்றாவது குண்டு வெண்டலின் காதுக்குக் கீழே நுழைந்தது. அதன்பிறகுதான் கரடி செத்தது, அவன்மேலேயே. அதை இழுத்துப் போடக் குதிரை கிட்டே வர மறுத்தது. ராய்ஸ் தனியாகப் புரட்டினான்.

விபத்து என்று ஷெரீப் எழுதிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா யாரிடமும் பேசவில்லை. இன்று காலை வாகனங்களுக்கிடையே நின்று ராய்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரனிடம் குழலைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழும்வரை.

அது அந்த வீட்டின் பழைய சண்டை. வெண்டல் தன் துப்பாக்கிக் குழலை நகரத்துக்கு அனுப்பி, திரவ நைட்ரஜனில் ஒரு நாள் முழுக்க உறையவைத்து வாங்கியிருந்தான். எஃகுக்குள் அடைபட்ட இறுக்கம் அதில் விட்டுப்போகும், சூடானாலும் குழல் வளையாது, குண்டு இடம் மாறாது என்பான். ஒரு சில்லறைக் காசால் மூடிவிடக்கூடிய மூன்று ஓட்டைகள் விழுந்த குறிக்காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தான்.

"அனுப்பறதுக்கு முன்னாடியும் அது நல்லாத்தான்டா சுட்டுச்சு," என்பார் அப்பா. "குளிரவெச்சா நல்லா சுடும்னா, ஜனவரில நம்ம வீட்டுக் கதவுகூடச் சுடணுமே."

"உங்க தலையையும் அந்தத் தொட்டியில முக்கி எடுத்தா, இறுக்கம் கொஞ்சம் விடும்பா."

மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும்தான். ஆனால் போன இலையுதிர்காலத்தில் அப்பாவின் துப்பாக்கியையும் அப்படி அனுப்ப வெண்டல் கழற்ற ஆரம்பித்தபோது, அவர் அதைப் பிடுங்கிப் பூட்டிவைத்தார்.

இப்போது வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தம்பியையும், முஷ்டியை மடக்கி நின்ற அப்பாவையும் ட்வைலா பார்த்தாள். ராய்ஸ் சொல்வது உண்மையென்றால் வெண்டலைக் கொன்றது அப்பாவின் பிடிவாதம். பொய்யென்றால் ராய்ஸ். மூன்றாவதாக ஒன்று இருப்பதாக இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

"ஏறுங்க ரெண்டு பேரும்," என்றார் அப்பா. "சுட்டுப் பாத்துருவோம். நாலு குண்டு, நிறுத்தாம. ஒரே எடத்துல விழுந்தா நீ அடக்கத்துக்கு வரக்கூடாது. பண்ணைப் பக்கமே வரக்கூடாது. எனக்கு ஒரே புள்ள, அவன் செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்."

"மேல ஏறுச்சுன்னா?"

அப்பா வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பினார்.

பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஜல்லிப் பள்ளத்தில் பலகை நட்டிருந்தது. அப்பா அதில் புதுக் காகிதம் அடித்தார். ஆணிக்குப் பதில் இரண்டு முறை கட்டைவிரலை அடித்துக்கொண்டார்.

"எவ்ளோ தூரம்?"

ராய்ஸ் பலகையிலிருந்து நடந்தான். முதுகைக் காட்டி, மூக்கைப் பிடித்தபடி நடந்தான். ஓரிடத்தில் நின்று திரும்பினான். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இங்கதான்."

"வண்டி மேல வெச்சு சுடுங்கப்பா," என்றாள் ட்வைலா.

"அவன் நின்னுக்கிட்டுத்தானே சுட்டான்? நானும் நின்னுதான் சுடுவேன்."

அந்த வட்டாரத்துப் போட்டிகளில் இருபது வருடம் அவரை யாரும் ஜெயித்ததில்லை. துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். சுட்டார். அடுத்த குண்டை ஏற்றத் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிச் சுட்டார். மூன்றாவதற்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று ட்வைலா நினைத்தாள். நான்காவது வெடித்ததும் பள்ளத்தின் சரிவிலிருந்து ஜல்லி பொலபொலவென்று உருண்டது. காலி ரவைக் கூடுகள் பனியில் சுர்ரென்று புதைந்தன.

"எங்க விழுந்துச்சு?"

அவள் வண்டியிலிருந்த தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். காகிதத்தின் கீழ்மூலையில் ஒரு ஓட்டை. வேறு ஒன்றும் இல்லை. காகிதத்திலும் இல்லை, பலகையிலும் இல்லை.

"வாய தொறந்து சொல்லேன்டி! மேல போச்சா?"

அவள் தொலைநோக்கியை நீட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். அதன் விளிம்பு புருவ எலும்பில் தடதடவென்று தட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னும் நாலு சுடறேன்," என்றார்.

எடுத்த தோட்டா கீழே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதைத் துப்பாக்கியின் தோட்டா அறையில் வைத்துத் திணித்தார். அது வழுக்கிக்கொண்டு அவருடைய காலணிமேல் விழுந்தது. ராய்ஸ் நொண்டிக்கொண்டு வந்து குனிந்தான். அடிக்கப்போகிறார் என்று ட்வைலா முன்னால் நகர்ந்தாள். அவன் பனிக்குள் விரலைவிட்டுத் தோட்டாக்களைப் பொறுக்கித் தன் சட்டைப்பையில் போட்டான். பிறகு துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். அப்பா விட்டுவிட்டார்.

"அங்க எல்லாரும் காத்திருப்பாங்க," என்றாள் அவள்.

அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"வண்டிய நீ ஓட்டு," என்றார், ராய்ஸைப் பார்க்காமல்.

சாவி அவருடைய கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர் விரல்களுக்கு அது அகப்படவில்லை. ராய்ஸ் தன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அந்தப் பைக்குள் விட்டான். தையற்காரனிடம் அளவு கொடுப்பவர்போல, கைகளைச் சற்று உயர்த்திக்கொண்டு அப்பா நின்றார்.