ரோஸ்விட்டா எறிந்த பந்து

சனிக்கிழமை மதியம் டென்னிஸ் கிளப்பின் சாமான் அறையைத் திறந்த ரோஸ்விட்டா காம்ப்மானுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. நான்கு வாளி பழைய பந்துகளைக் காணோம். அது போனால் போகிறது, நாய் வளர்ப்பவர்களே வேண்டாமென்ற சரக்கு. ஆனால் அலமாரியில் இருந்த ஒன்பது டப்பா புதுப் பந்துகளும் போயிருந்தன. மறுநாள் உள்ளரங்கில் அறுபது வயது தாண்டிய பெண்களுக்கான போட்டி. பக்கத்து ஊர்க்காரிகளை இவர்கள் ஜெயித்து ஆறு வருடமாகிறது. புதுப் பந்து கொடுக்க வேண்டியதோ உள்ளூர் அணி.

காலி அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் கிடந்தது. அது அவள் புருஷனுடையது.

டெட்லெஃப் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். நாற்பது வருடமாக ஹோல்டர்பெக் கால்பந்து அணிக்காக, மைதானத்தின் தெற்குக் கோலுக்குப் பின்னால், நாற்காலி இல்லாத மேடையில் நின்றே முதுகு வளைந்தவன். முதல் பிரிவின் பதினெட்டு அணிகளில் ஹோல்டர்பெக் பதினேழாவது. இன்னொருத்தன் தங்களைவிட மோசம் என்பதே ஊரின் ஒரே ஆறுதல். ரோஸ்விட்டா அந்த மேடையில் கால் வைத்ததே இல்லை.

போன் போட்டாள்.

“என் பந்து எங்க?”

மறுமுனையில் சாசேஜ் மெல்லும் சத்தம் நின்றது. “ரோஸி, இது ஜனநாயகப் பிரச்சினை.”

“புதுப் பந்தையும் ஏன்டா எடுத்தே?”

“புதுசா? நீங்க பழசையும் டப்பாவுலதானே போட்டு வெக்கிறீங்க. கண்ணாடி வேற காணல…”

கால்பந்து லீக்கின் பெரிய மனிதர்கள் தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கை இருபது வருடத்துக்கு ஏதோ முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்கள். கிளப் உறுப்பினர்களுடையது, எங்களைக் கேட்காமல் எப்படி என்று நாடு முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டத்தின் முதல் பன்னிரண்டு நிமிடம் வாயே திறக்க மாட்டார்கள். அப்புறம் களத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்துவார்கள். டென்னிஸ் பந்து ஏன் என்றால், யார் மண்டையும் உடையாது, பொறுக்கவும் நேரமாகும்.

டெட்லெஃபின் கூட்டாளி லோதர் முட்டி அறுவைசிகிச்சை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய சீசன் டிக்கெட் அட்டை இவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டும் காய்கறிப் பையுமாக ரோஸ்விட்டா டிராம் ஏறினாள்.

அவள் மேடைப் படியேறும்போது ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடம். நாற்பதாயிரம் பேர் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள். யாராவது இருமினால்கூட எதிர்ப்பக்கம் கேட்டது.

“டெட்லெஃப்!” என்று அவள் கூப்பிட்டாள்.

கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். இத்தனைக்கும் அவன் பெயர் டெட்லெஃப் இல்லை.

கூட்டத்தின் நடுவில் ஒரு காது மட்டும் சிவந்தது. அதைக் குறிவைத்து நெருங்கினாள்.

“ரோஸி, இப்ப யாரும் பேசக் கூடாது,” என்று கிசுகிசுத்தான்.

“திருடிட்டு வந்தவன் எனக்குச் சட்டம் சொல்றியா?”

மேடையின் முன்கம்பியில் ஏறி நின்று கோஷங்களை நடத்துகிற யானிக் கீழே குனிந்தான். கழுத்து வரை பச்சை குத்திய பையன், பேச்சு மட்டும் வங்கி குமாஸ்தாவைப் போல. “என்ன பிரச்சினைங்க?”

“நாளைக்கு எனக்கு மேட்ச் இருக்கு தம்பி. முப்பத்தாறு புதுப் பந்து. இந்த ஆளு தூக்கிட்டு வந்துட்டான்.”

யானிக்கின் முகம் மாறியது. போட்டி என்றால் என்னவென்று தெரிந்தவன். பக்கத்து ஆளின் காதில் சொன்னான், அந்த ஆள் அடுத்தவன் காதில். வாசலில் சோதனை இருந்ததால் எல்லாப் பந்தும் கால்சட்டைக்குள் ஒளிந்தே உள்ளே வந்திருந்தது. தாடிக்காரர்களும் தாத்தாக்களும் பல் டாக்டர்களும் ஒரே நேரத்தில் இடுப்புக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். பஞ்சு மினுங்குகிற புதுப் பந்து மட்டும் கைக்குக் கை மாறி வந்தது. எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. ரோஸ்விட்டா முகத்தைச் சுளித்துக்கொண்டே பையில் போட்டாள். முப்பத்தொன்று தேறியது.

பன்னிரண்டாவது நிமிடம் மேடையில் விசில் பறந்தது. மேடை பந்துகளை எறிந்தது. பாவம், பாதிப் பந்து விளம்பரப் பலகையையே தாண்டவில்லை. கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நகம் கடித்தான். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, தானே நாலைந்தைப் பொறுக்கத் தொடங்கினார்.

ரோஸ்விட்டாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “தோள அசைக்கவே மாட்டேங்கிறீங்களே. இப்படி எறிஞ்சா எந்த முதலாளிடா பயப்படுவான்?”

“நீ எறிஞ்சு காட்டேன்,” என்றான் டெட்லெஃப். வாழ்க்கையில் அவன் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

பழைய பந்து ஒன்றை வாங்கினாள். சர்வீஸ் போடுவதுபோல் உடம்பை வளைத்துத் தோளைச் சுழற்றினாள். பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, பெனால்டி புள்ளிக்கு அப்பால் குனிந்திருந்த நடுவரின் பின்புறத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது.

அவர் நிமிர்ந்தார். பின்புறத்தைத் தடவினார். இரண்டு அணிகளையும் உள்ளே போகச் சொன்னார். மேடை எழுப்பிய ஓசையில் ரோஸ்விட்டாவின் நெஞ்சு அதிர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவன் அவள் கையில் பியர் கோப்பையைத் திணித்தான், இன்னொருவன் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தான். டெட்லெஃப் அவளையே பார்த்தான், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

பாதுகாவலர் ஒருவர் மேலே வந்தார். “நடுவர்மேல எறிஞ்சது யாரு?”

“நான்தான்,” என்றாள் ரோஸ்விட்டா.

அவர் சிரித்தார். “சரிங்கம்மா. வழி தவறி வந்துட்டீங்களா? குடும்ப வரிசையில உட்கார இடம் பாத்துத் தரட்டுமா?”

“காது கேக்கலையா? நான் எறிஞ்சது.”

“ரோஸி, வாய மூடு,” என்றான் டெட்லெஃப்.

“ஏன் மூடணும்? அது என் எறி. வேற எவனாவது பேரு வாங்கிட்டுப் போறதா?”

பாதுகாவலர் அவள் தோளைப் பரிவாகத் தட்டிவிட்டு, கழுத்தில் பச்சை குத்தியவர்களை முறைத்தபடி இறங்கிப் போனார். ரோஸ்விட்டா பியரை ஒரே மூச்சில் குடித்தாள். வீடு போகும்வரை அவளுக்கு ஆறவில்லை.

இருபத்தாறு நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. ஹோல்டர்பெக் மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை பெண்களும் தோற்றார்கள். பந்தில் ஏதோ வாசனை அடிக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரிகள் புகார் வேறு கொடுத்தார்கள். சில நாளில் லீக் அந்த விற்பனையைக் கைவிட்டது. நாங்கள்தான் காரணம் என்று டெட்லெஃப் ஊரெல்லாம் சொன்னான். ‘நாங்கள்’ என்பதை ரோஸ்விட்டா ஒவ்வொரு முறையும் திருத்தினாள். ஹோல்டர்பெக் கிளப்பில் உறுப்பினராகவும் சேர்ந்தாள். மேடையில் நின்று, சொந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களை டெட்லெஃபே வெட்கப்படும்படி திட்டப் பழகினாள்.

மே மாதக் கடைசி ஆட்டத்தில் ஹோல்டர்பெக் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. யானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். டெட்லெஃப் துண்டில் முகம் புதைத்துக் குலுங்கினான். ரோஸ்விட்டா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இரண்டாம் பிரிவுல சனிக்கிழமை ஆட்டம் மூணரைக்கு இல்ல, ஒரு மணிக்கே ஆரம்பிக்குமாமே?” என்றாள்.

டெட்லெஃப் மூக்கை உறிஞ்சியபடி தலையாட்டினான்.

“அப்ப நல்லதாப் போச்சு. இங்க தோத்துட்டு, நாலு மணிக்கு நான் டென்னிஸ் கோர்ட்டுக்குப் போயிடலாம்.”