பலகை ஒட்டும்வரை

நடுவில் ஒரு மேடு எழுந்திருந்ததைத் தேவானந்தம் உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடித்தார். பேக்கிங் பெட்டி மரத்தை அறுத்து, கார் ஷெட்டில் அவரே அடித்துச் செய்த வேலை மேசை அது. மேல்பக்கம் வழவழவென்று இருக்கட்டுமென ஃபெவிகால் பூசி ஹார்டுபோர்டை விரித்தவர், நடுவிலிருந்து அழுத்திக்கொண்டு வராமல் ஓரங்களில் முதலில் பாரத்தை ஏற்றிவிட்டார். கிரைண்டர் கல், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை. காற்று உள்ளே சிக்கிக்கொண்டது. ஒரு பக்கத்துப் பாரத்தை இறக்கிவிட்டு நடுவில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். மேடு தண்ணீர்ப் பை மாதிரி மறுபக்கம் நகர்ந்தது. பசை இறுகிவிட்டால் அது அப்படியே நிற்கும். பிரித்தால் போர்டு கிழியும்.

மனைவி விமலாராணி ஊரில் இருந்திருந்தால் அவளைப் பக்கத்தில் ஏற்றி உட்கார வைத்திருப்பார். மகன் ஸ்டீவுக்குக் குழந்தை பிறந்ததென்று மெல்போர்னுக்குப் போனவள், மூன்றே மாதம் என்று சொல்லிவிட்டுப் போய், இப்போது இந்தக் குளிரும் முடியட்டும் என்கிறாள். வீடியோவில் பேரனைக் காட்டுவாள். அவன் தாத்தாவைப் பார்த்ததும் போனை நக்குவான். பேசி முடித்தபின் வீட்டில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சும். அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் ரம்பத்தை எடுத்தார்.

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அழகிரிசாமி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல பருமன். பக்கத்து வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகியும், கேட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. தேவானந்தம் தயங்கித் தயங்கிச் சுவரோரம் போனார்.

"ஏனுங்க, ஒரு ஒத்தாசைங்க. கொஞ்சம் வந்து ஒரு பலகமேல உக்கார முடியுங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் அழகிரிசாமி குழாயை மூடிவிட்டுச் சிரித்தார். "எங்கூட்டுல எடையக் கொறைங்கன்னு சொல்லீட்டே இருக்கறாங்க. என்ற எடைக்கு இன்னைக்குத்தானுங்க ஒரு மரியாத வந்துருக்குது."

தேவானந்தத்தின் பக்கத்தில் அவரும் ஏறி உட்கார்ந்ததும் ஓரத்தில் பசை பிதுங்கியது, மேடு அமுங்கியது. இருவரும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசினார்கள். சர்க்கரை மாத்திரை பற்றி, அவிநாசி ரோட்டு நெரிசல் பற்றி, புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடும் அழகிரிசாமியின் மகள் மானசா பற்றி. பேச்சு நின்றபோதும் இருவருமே இறங்கவில்லை.

"இதுல என்னங்க செய்யப்போறீங்க?"

தேவானந்தம் அதை யோசிக்கவே இல்லை. "ஏதாச்சும் செய்யலாம்னுதானுங்க" என்றார்.

வெயில் ஷெட்டின் வாசல்வரை வந்துவிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து வெங்கடலட்சுமி கணவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"ஒட்டியிருக்குமுங்களா? எந்திரிக்கட்டுங்களா?"

தேவானந்தம் பலகையின் விளிம்பைத் தொட்டார். பிதுங்கிய பசை வெள்ளை நிறம் போய், கண்ணாடி போல, நகம் இறங்காமல் இறுகியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமுங்க."

அழகிரிசாமி சுவரைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ சொல்லிவிட்டு, இன்னும் வசதியாகத் தள்ளி உட்கார்ந்தார். அவருடைய கட்டைவிரல், அவர் பக்கத்து விளிம்பில், காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.