கம்பளிகள் குடியிருக்கும் அறை

பலாகா வீட்டில் மொத்தம் இரண்டு அறைகள். பெரிய அறையில் கம்பளிகள் வசித்தன. சின்ன அறையில், அடுப்பைச் சுற்றி, மனிதர்கள் காலத்தை ஓட்டினார்கள்.

கம்பளிகளுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு ஜன்னல், வண்ணம் பூசிய கட்டில், சுவரெல்லாம் பூவேலை செய்த துண்டுகள், துண்டுகளுக்கு நடுவே சாமி படங்கள். கட்டில் மேல் மடித்து அடுக்கிய கம்பளிகள் உத்தரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டிலில் யாரும் படுத்ததில்லை. அங்கே அடுப்பு மூட்டியதும் இல்லை. புகை படிந்தால் துண்டுகள் மங்கிவிடும் என்பது பலாகாவின் சட்டம். வெளியே பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறி நிற்கும் மாதங்களிலும் கம்பளிகள் ஒன்றை ஒன்று போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருந்தன. சாவி பலாகாவின் இடுப்பில் இருந்தது.

பலாகாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டிக்கொடுக்க ஸாவெத்தா என்று ஒரு மகள் இருந்தாள். பெண் இருக்கிற எந்த வீட்டிலும் இதே கூத்துதான். வாசல் மரத்தில் கிளைக்கு ஒன்றாகப் பாத்திரங்களைக் கவிழ்த்து மாட்டியிருந்தால் உள்ளே கல்யாண வயதில் ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம். அந்தப் பாத்திரத்தில் சமைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கம்பளியைப் போர்த்தக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்து எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்ல சம்பந்தம்.

மருமகள் ரஃபிலாவும் பன்னிரண்டு கம்பளிகளோடுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். எல்லாம் அவளே நெய்தவை. கல்யாணத்தன்று வண்டியிலிருந்து இறங்கி நேராகப் பெரிய அறைக்குள் போயின. கொண்டுவந்தவள் சின்ன அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவளும் புருஷன் இலியேவும் அவன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பழைய மேலங்கியைப் போர்த்திப் படுக்கிறார்கள். அதில் ஒரு கை வைத்த பக்கம் அவளுக்கு, ஒரு கை வைத்த பக்கம் அவனுக்கு. காலர் யாருக்கு என்பது அன்றன்றைய சமாதானத்தைப் பொறுத்தது.

இலையுதிர்காலத்தில் தோக்கியா பிறந்தாள். தொட்டிலை மாட்ட உத்தரத்தில் இடம் கிடைத்தது கதவோரம்தான். அடுப்போரத்தில் பலாகாவின் கட்டில் இருந்தது. மூட்டுவலிக்காரி, அவளை நகர்த்துவது தர்மமில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குளிர் முதலில் குழந்தையைத்தான் விசாரித்துவிட்டு உள்ளே வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே பிள்ளை இருமத் தொடங்கிவிட்டது. மூக்கு நுனி நீலமாகிக் கிடக்கும்.

"அத்தை, பிள்ளைக்கு இருமல் விட மாட்டேங்குது," என்றாள் ஒருநாள். "என் கம்பளியில ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாங்க. பனி உருகினதும் துவைச்சு மடிச்சு வச்சிடறேன்."

"எடுத்தா அடுக்கு சாஞ்சிடும்டி."

"மேலேர்ந்து எடுத்தா எப்படி அத்தை சாயும்?"

"மேலேர்ந்து எடுத்தா இடைவெளி விழும். ஏற்கெனவே உத்தரத்துக்கு ஒரு ஜாண் குறையுது. ஸாவெத்தாவைக் கேட்டு வர்றவங்க அண்ணாந்து பாத்துட்டு, இந்த வீட்டுப் பொம்பளைங்க தறியில உக்காந்து தூங்குறவங்கன்னு சொல்லணுமா?"

"பிள்ளை இருமுதே."

"எல்லாப் பிள்ளையும்தான் இருமுது. இலியேகூடத்தான் இருமினான். இப்ப பாரு, மரமாட்டம் நிக்கிறான்."

இலியே உண்மையிலேயே மரமாட்டம்தான் நின்றான். காட்டில் மரம் வெட்டுகிறவன், கரடியை எதிரில் பார்த்தும் கோடாலியைக் கீழே போடாதவன் என்று ஊரில் பெயர். அம்மா பேசும்போது மட்டும் அவனுக்குத் தன் பூட்ஸில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ரஃபிலா சண்டை போடவில்லை. ஆட்டிலிருந்து வெட்டிய ரோமம் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. நாத்தனார் ஸாவெத்தா நூற்றுக்கொடுத்தாள். கல்யாணம் ஆகப்போகிறவள் என்றாலும் நல்ல பெண். அண்ணி கேட்குமுன் நூற்கும் கதிரைக் கையில் எடுத்துவிட்டாள். ரஃபிலா பாதிக் குளிர்காலம் தறியில் உட்கார்ந்து ஒரு கம்பளி நெய்தாள். வெள்ளையில் கறுப்புக் கட்டம், ஓரத்தில் சிவப்பு. தொட்டிலுக்கு இரண்டாய் மடித்துப் போடலாம், பிள்ளை வளர்ந்தால் விரித்துப் போடலாம் என்று கணக்குப் போட்டு அகலம் வைத்தாள். பலாகா தினமும் வந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். மாமியார் வாயிலிருந்து நல்ல வார்த்தைகூட வந்தது. அதிலேயே ரஃபிலா உஷாராகியிருக்க வேண்டும்.

தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று பலாகா சொன்னாள்: "அந்த ஒரு ஜாணுக்கு இது சரியா இருக்கும்."

ரஃபிலாவுக்குக் கை அப்படியே நின்றது. "அத்தை, இது தோக்கியாவுக்கு."

"ஈஸ்டர் நோன்புக்கு முன்னாடி யுஸ்தினா அவ பையனுக்குப் பொண்ணு பாக்க வர்றா. நோன்பு வந்துட்டா கல்யாணம் கிடையாது, இன்னொரு வருஷம் இவளை வச்சுக் காப்பாத்தணும். உன் நாத்தனா நல்லா இருக்கணும்னு உனக்கு நெனப்பில்லையா?"

"அண்ணி, நான் கேக்கலை," என்றாள் ஸாவெத்தா மெதுவாக.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் பலாகா.

ரஃபிலா இலியேவைப் பார்த்தாள். அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

தறியிலிருந்து வந்த கம்பளி கம்பளி ஆகாது. சல்லடையாகத்தான் இருக்கும். ஊர் மாவு ஆலைக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் உயரத்திலிருந்து ஒரு மரத்தொட்டிக்குள் விழுந்து சுழலும். அதில் போட்டால் நாள் முழுக்கச் சுழன்று, இழையெல்லாம் இறுகி, ரோமம் எழும்பி வரும். எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் எடுத்தால் குளிர் புகும். விட்டுவிட்டால் சுருங்கிச் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். அப்படிக் கெட்டிப்படவிட்ட பெண்ணின் பெயரை இந்தப் பள்ளத்தாக்கில் அவள் பேரன் காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தவனைக்கூட மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

ரஃபிலா பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, கம்பளியைச் சறுக்குவண்டியில் போட்டு இழுத்துப் போனாள். வாய்க்கால் ஓரமெல்லாம் உறைந்திருந்தது, தொட்டி மட்டும் கொதிக்கிற பால் மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது. காலையில் போட்டாள். பொழுது சாயும்போது வந்து, கழியால் ஓரத்தைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். பதம் சரியாக வந்திருந்தது. அவள் கையிலிருந்து இதுவரை இவ்வளவு நல்ல கம்பளி வந்ததில்லை. பெரிய அறைக்குப் போவதற்கு எல்லா லட்சணமும் இருந்தது.

மார்பில் கிடந்த பிள்ளை இருமியது. உடம்பெல்லாம் குலுங்கிற்று.

ரஃபிலா கழியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எடுக்கலையாம்மா?" என்றான் ஆலைக்கார சிமியோன். "இனிமே விட்டா இறுகிடும்."

"இறுகட்டும்ண்ணே. நாளைக்கு வர்றேன்."

வீட்டில் பலாகா கேட்டாள்: "ஏண்டி வெறுங்கையோட வர்றே?"

"தண்ணி மந்தமா விழுது அத்தை. இன்னும் பதம் வரலை."

மறுநாள் மதியம் போய் எடுத்தபோது கம்பளி பாதியாகியிருந்தது. தடிமனோ விரல் அளவு. உலர்த்திக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். மடிக்க வரவில்லை. பலாகா அதைத் தூக்கி நிறுத்தினாள், அது நின்றது.

"இது என்னடி? போர்வையா, கதவா?"

"காலையில எடுக்க மறந்துட்டேன் அத்தை."

"மறந்துட்டாளாம். சோத்தை மறப்பியா? என் மானத்தைக் கொண்டுபோய்த் தொட்டியில போட்டுச் சுத்தவிட்டுட்டு வந்திருக்கா. இதை அடுக்குல வச்சா அடுக்கே சிரிக்கும். எடுத்துட்டுப் போ. நாய்கூட இதுமேல படுக்காது."

நாய் படுக்கவில்லை. தோக்கியா படுத்தாள். ரஃபிலா அதைத் தொட்டிலுக்குள் வளைத்துக் கொடுத்தாள், சுற்றிலும் சுவர் எழுப்பினதுபோல் நின்றது. கதவு திறந்தது, குளிர் வழக்கம்போல் விசாரிக்க வந்தது, உள்ளே நுழைய வழி தெரியாமல் போயிற்று. வாரம் முடிவதற்குள் இருமல் நின்றது. ஆலைப் பக்கம் போகும்போதெல்லாம் பெண்கள் ரஃபிலாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். அவளுக்கு உள்ளூர நிறைந்திருந்தது.

நோன்புக்கு முந்தின வாரம் யுஸ்தினா அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து குதிரைச் சறுக்குவண்டியில் வந்து இறங்கினாள். பலாகா முதல் வேலையாக அவளைப் பெரிய அறைக்கு அழைத்துப் போனாள். யுஸ்தினா அண்ணாந்து பார்த்தாள். அவள் வீட்டிலும் இதே உயரத்துக்கு ஒன்று இருந்தது. அவள் அக்கா வீட்டில் உத்தரத்தையே தொட்டது. ஒரு ஜாண் குறைவதை அவள் கண் சரியாகப் பிடித்தது. ஒன்றும் சொல்லவில்லை. குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது அதற்கு ஒரு காரணம்.

சின்ன அறைக்கு வந்து சாராயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, கை சூடு பிடிக்க இடம் தேடியவள் கையைத் தொட்டிலுக்குள் விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை.

"இது என்ன சம்பந்தியம்மா? இப்படி ஒண்ணை நான் எங்கயும் பாத்ததில்லையே."

ரஃபிலா அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. பலாகா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அதுவா? அது எங்க வீட்டு வழக்கம். பேரப்பிள்ளைக்குன்னு தனியா நெய்யறது. ரெண்டு நாள் தொட்டியில விட்டுப் பாதியா இறுக்குவோம். எல்லாருக்கும் அந்தக் கை வராது."

இலியே முதல்முறையாகப் பூட்ஸிலிருந்து தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான்.

"அப்ப ஸாவெத்தா இது மாதிரி ஒண்ணு கொண்டுவருவாளா?" என்றாள் யுஸ்தினா.

"மாதிரி எதுக்கு? இதுவே அவளுக்குத்தான்," என்று பலாகா எழுந்து தொட்டிலுக்கு வந்து, கம்பளியின் ஓரத்தைப் பிடித்தாள். "இவ சும்மா உலரப் போட்டிருக்கா. பெரிய அறையில மேலாக்க வச்சிடறேன், வந்து பாருங்க."

பிள்ளை விழித்துக்கொண்டு மிரண்டு பார்த்தது. ரஃபிலாவுக்கு ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் உடைத்தால் ஸாவெத்தாவின் கல்யாணமும் சேர்ந்து உடையும். கரண்டியை வைத்துவிட்டு வந்து, கம்பளியின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, வழக்கத்தைப் பாதியில மறந்துட்டீங்களே. வருஷம் முழுக்கப் பிள்ளை மேல கிடந்தாத்தானே அது பேரப்பிள்ளைக் கம்பளி? நடுவுல எடுத்தா அடுத்துப் பிறக்கறதுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழக்கமே கிடையாது என்றால் பொய்க்காரி. இருக்கிறது என்றால் கையை எடுக்க வேண்டும். பலாகா ஊர் முழுக்கச் சம்பந்தம் பேசிப் பழகியவள், கணக்கு சட்டென்று புரிந்தது.

"ஆமா," என்றாள். "நான்தான் சொன்னேன்." கையை எடுத்தாள்.

"அடடா, முக்கியமான விஷயமாச்சே," என்றாள் யுஸ்தினா. பிறகு சுற்றிப் பார்த்தாள். "அதுசரி, பேரப்பிள்ளைக்கு இவ்வளவு பாக்கற வீட்டுல தொட்டிலை ஏன் கதவோரம் மாட்டியிருக்கீங்க?"

அடுப்பில் களி கொப்பளித்தது.

"இன்னைக்குத்தான் மாத்தலாம்னு இருந்தோம்," என்றாள் பலாகா. "டேய் இலியே, என்னடா மரமாட்டம் நிக்கிறே?"

யுஸ்தினா திருப்தியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்க் கோயில் வாசலில் இந்த வழக்கம் அவள் பாட்டி காலத்திலிருந்தே இருப்பதாக அவளே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டில் அடுப்போரத்துக்கு வந்தது. பலாகாவின் கட்டில் கதவோரத்துக்குப் போனது. பேத்தியின் இருமலுக்கு அசையாத கட்டில் அது.

அடுத்த வாரம் பலாகா இரும ஆரம்பித்தாள். கம்பளி நூல் சால்வை இரண்டைச் சுற்றிக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் கதவைத் திறந்தவனின் வம்சத்தைத் திட்டினாள். ரஃபிலா சந்தோஷப்பட்டுக்கொள்ளத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"அத்தை, சாவியைக் குடுங்க. உள்ளேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம். அடுக்கு சாஞ்சிடும்."

"சரி."

பலாகா இருமினாள். இலியே விறகோடு உள்ளே வந்தான், கூடவே குளிரும் வந்தது. மறுபடியும் இருமினாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ரஃபிலாவின் மடியில் போட்டாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மேலேர்ந்து எடுக்காதே, தெரிஞ்சிடும். நடுவுல உருவு. உருவின இடத்துல வைக்கோலைச் சாக்குல கட்டித் திணிச்சிடு."

தொழுவத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ரஃபிலா மூன்று உருவினாள்.