சுண்டுவிரல்

அசைஞ்சறாதே சாமி. அவர் டீயைக் குடிச்சு முடிக்கற வரைக்கும் சும்மா கெட.

அன்புசெல்வி தன் இடது கைச் சுண்டுவிரலிடம் மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தாள். விடிந்து கண் விழித்தபோது போர்வைக்குள் அது தானாக ஒருமுறை துள்ளியது. பக்கவாதம் வந்து இடப்பக்கம் ஓய்ந்துபோன பிறகு அந்தக் கையில் நடந்த முதல் அசைவு. வீட்டில் எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். அவளோ, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வலது கையால் அந்த விரலைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு காலத்தில் இரண்டு கைகளும் ஒன்றுபோல வீங்கித்தான் இருந்தன. நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தபோதே, மூட்டுகளை வீங்கவைக்கும் சரவாங்கி வந்துவிட்டது. காலையில் விரல்கள் கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி விறைத்துக் கிடக்கும். சீப்பைப் பிடிக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியைப் புருஷன் மோகன்ராஜ்தான் மாட்டிவிட வேண்டும். துணியை ஊசிக்குத் தள்ளிக்கொடுக்கும் இடது கையில்தான் வேதனை அதிகம். “ஏனுங்க்கா, நீங்க மெஷின ஓட்டறீங்களா, மெஷின் உங்கள ஓட்டுதுங்களா?” என்று சூப்பர்வைசர் நித்தீஷ் கேட்பான். வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, இந்தக் கையே இல்லாமல் போனால் தேவலை என்று நினைத்துக்கொள்வாள். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில், தோளிலிருந்து யாருடையதோ போலத் தொங்கிய கையைப் பார்த்தபோது, தான் நினைத்ததுதான் பலித்துவிட்டதோ என்று நடுங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவேயில்லை. செத்த கையின் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. புதைந்திருந்த கணுக்கள் வெளியே வந்தன. வருஷக்கணக்காகக் கழற்ற முடியாமல் சதைக்குள் கிடந்த கல்யாண மோதிரம், ஒருநாள் குளிக்கும்போது சோப்பு நுரையோடு தானாக நழுவி விழுந்தது. வலது கை மட்டும் முன்போலவே கனன்றது.

“பாத்தியா, நம்ம தைலத்தோட வேல!” என்றான் மோகன்ராஜ். விளங்காத கைக்கு என்று அவன் தினமும் நீவிவந்த தைலம். அதே உற்சாகத்தில் வலது கையையும் பிடித்து அழுத்தி நீவ, அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

டாக்டர் சித்ரகலாதான் விளக்கினாள். “நரம்பு கைய ஆட்டறதுக்கு மட்டும் இல்லீங்க. ஒடம்பக் காக்கற அணுக்கள் இருக்குதில்லீங்களா, அதுகளுக்கும் நரம்பு வழியா சேதி போகுது. சரவாங்கில அதுகளே திரும்பி மூட்டத் தாக்குது. இந்தக் கைக்குச் சேதி போறது அடங்குனதால வீக்கமும் அடங்கியிருக்கலாம். சில பேருக்கு இப்பிடி ஆகறதுண்டு. முழுசா இன்னும் யாருக்கும் புரியலீங்க.”

“அப்ப என்ற தைலம் இல்லீங்களா டாக்டரம்மா?” மோகன்ராஜின் முகம் விழுந்துவிட்டது.

அன்புசெல்வி கேட்டது வேறு. “கை திரும்பி வந்தா வலியும் கூடவே வருங்களா?”

டாக்டர் அவளுடைய இடது கையை மடக்கிப் பார்த்தாள். “வரலாம். வராமயும் போகலாம். வந்தா மருந்து இருக்குதுங்க. ஆனா பயிற்சிய விட்டுட்டீங்கன்னா கை இப்படியே நின்னுரும்.”

வரலாம் என்ற சொல்லை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அது அவளோடுதான் படுத்து எழுந்தது. விளங்காத கை பாரம்தான். ஆனால் உடம்பிலேயே அவளுக்கு நோகாத இடம் அது ஒன்றுதான். சில மத்தியானங்களில் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மோகன்ராஜ் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கையில் பனியன் வேஸ்ட் துணி நாடாவை இறுக்கிச் சுற்றி அவனே செய்த சிவப்புப் பந்து. துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தான். கண்ணிமையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறாக்கி வைத்த பிறகுதான் அவன் படுப்பான்.

பந்தை அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தான். “எங்க புள்ள, ஒருக்கா புடி பாக்கலாம்.”

விரலுக்குள் ஏதோ ஊர்ந்தது. மடக்கச் சொன்னால் மடங்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. மடங்கினால் இவன் துள்ளிக் குதிப்பான், தெருவுக்கே சொல்லுவான். அப்புறம் ஒரு விடியலில் அந்த விரலும் விறைக்கும். அதன்பின் ஒவ்வொன்றாக.

“ஒரே ஒருக்கா கண்ணு.”

அவனுடைய இமையிலிருந்த தூசியை அவள் பார்த்தாள்.

“வேண்டாங்க மாமா,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“அசதியா இருக்குதா? செரி, சாயங்காலம் பாத்துக்கலாம்.”

பந்து உருண்டு தரையில் விழுந்து, பிரிந்து, கதவுவரைக்கும் சிவப்பாக ஓடிற்று. அவன் குனிந்து அதைச் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கையில், வீங்கிய வலது கையால் இடது கையை மூடிக்கொண்டாள். உள்ளே இளஞ்சூடாக இருந்தது. எந்தக் கையின் சூடு என்று தெரியவில்லை.