சனிக்கிழமை மட்டும் மிளகாய்

வடிவம்மாள் கும்ப மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலமானாள். வயது அறுபத்தெட்டு. கரமனையில் எங்கள் தெரு முனையில் முப்பது ஆண்டுகள் மாவு மில் நடத்தியவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தெருவாசிகள் சங்கத்துச் செயலாளர் அனந்த் என் வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசிப்பதற்கு அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும் என்றான்.

“நல்ல பார்யை, நல்ல வியாபாரின்னு எழுதினா போரும், டீச்சர்.”

“எது போதும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தமிழ் கற்பித்தவள் நான்தான்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். பூதப்பாண்டியில் பிறந்தாள். திரவியத்தை மணந்து கரமனைக்கு வந்தாள். அவர் சாலை எனப்படும் பெரிய கடைவீதியில் ஓர் அரிசி மண்டியில் வேலை பார்த்தார். மகன் கேசவ் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, வீட்டின் முன்புறக் கொட்டகையில் மில்லைத் தொடங்கினாள். ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் திறப்பாள். புட்டுக்கா, இடியாப்பத்துக்கா என்று கேட்காமல் அரிசியை இயந்திரத்தில் கொட்டமாட்டாள். சரியாகக் காயாத மல்லியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவாள். என்னையும் ஒருமுறை அனுப்பியிருக்கிறாள். அவள் செய்தது சரி.

மிளகாய் மட்டும் சனிக்கிழமைதான். கல்யாண வீடானாலும் கோயில் கொடையானாலும் வேறு நாளில் அரைக்கமாட்டாள். கெஞ்சியும் பயனில்லாமற்போன பெண்கள் அவளுக்குச் ‘சனிக்கிழமைக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் வைத்தவள் மில்லுக்கு எதிர்வீட்டுச் சொர்ணம்மாள். பெயர் தெரு முழுவதும் பரவியது.

ஒரே இயந்திரம்தான் இருக்கிறது, மிளகாய் அரைத்தபின் அரிசி அரைத்தால் காரம் ஏறும், ஆகவே வாரத்தில் ஒருநாள் அரைத்துக் கழுவி வைக்கிறேன் என்பது அவள் சொன்ன காரணம். நான் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன். 2011இல் மிளகாய்க்கென்று தனி இயந்திரம் வாங்கினாள். விதி மாறவில்லை. காரணம் போன பின்பும் விதி மட்டும் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நேரே போய்க் கேட்டேன்.

அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“அவருக்கு மூச்சு இழுப்பு உண்டுல்லா, டீச்சர்? அரிசிப் பொடியைச் சுவரு கெட்டித் தடுத்தாச்சு. மிளகாய் நெடியை எந்தச் சுவரு தடுக்கும்? அதுக்குத்தான் சனிக்கிழமை தோறும் பெல்ட்டு வேணும், கிரீஸு வேணும்னு அவரைச் சாலைக்கு அனுப்பிருவேன். திரும்பி வாறதுக்குள்ளே அரைச்சு, கழுவி, முடிச்சிரும்.”

“அதை அவரிடமே சொன்னால் என்ன?”

“சொன்னா இங்க இருக்க மாட்டாரு. மண்டி வேலையை விட்ட அண்ணைக்கே சொல்லியாச்சு, ‘என்னாலே உன் மில்லுக்கு ஒரு தடை வந்துன்னா, நாகர்கோவில்லே தம்பி வீட்டுக்குப் போயிருவேன்’னு. சொன்னா செய்யுத மனுசன். நீங்களும் சொல்லப்பிடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

பண்ணினேன்.

தானியத் தூசியால் இழுப்பு முற்றி, 2005இல் அவர் வேலையை விட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் யோசித்ததில்லை. வடிவம்மாள் மில்லிலிருந்து வீட்டுக்குள் போகுமுன் வெளிக்குழாயில் குளித்துச் சேலை மாற்றிக்கொள்வாள். நாளுக்கு மூன்று முறை. ஆசாரம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், மாவுத் தூசி ஒரு துளியும் அவர் மூச்சில் படக்கூடாதென்று செய்கிறாள் என்பது விளங்கியது.

இவை எவற்றையும் அரைப் பக்கத்தில் எழுத முடியாது. மற்றவற்றை எழுதி முடித்தேன்.

மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனபோது மில் வாசலில் புதிய பலகை ஒன்று தொங்கியது. ‘நாளை முதல் மிளகாய் எல்லா நாளும் பொடித்துத் தரப்படும்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. திரவியம் முக்காலியில் ஏறி நின்று அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது. இரண்டு முறை இறங்கி, சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை இழுத்துவிட்டு மறுபடி ஏறினார்.

மில்லில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் ஷீனா என்னைத் தனியே அழைத்தாள்.

“மாமாதான் மிளகாய் மிஷின்லே நிப்பேன்னு சொல்லுது, டீச்சரே. நான் பொடிச்சோளாம்னு சொல்லியாச்சு. சம்மதிக்கல்லை. ‘என் பெண்டாட்டிக்க மில்லு, நான்தான் நிப்பேன்’னு ஒரே வாசியும் பிடிவாதமும்.”

எதற்காக இந்தப் பலகை என்று அவரைக் கேட்டேன்.

“அவளைச் சனிக்கிழமைக்காரின்னு சொன்னாங்கல்லா! பதினாறுக்கு வந்த இடத்திலே, பாயசம் குடிச்சுக்கிட்டே சொன்னா அந்தச் சொர்ணம்மா. என் காதிலே விழுந்தது. இனிமே அந்தப் பேரு இருக்கப்பிடாது. அவளுக்காக நான் செய்யதுக்கு இது ஒண்ணுதான் உண்டு, டீச்சர்.”

வீட்டுக்குத் திரும்பினேன். சத்தியத்தில் விலக்குத் தேடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் பொழுது விடிந்தால் அவர் அந்த இயந்திரத்தின் முன் நிற்பார். அவர் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதென்று வாங்கப்பட்ட சத்தியம் அது. அஞ்சியவள் போய்விட்டாள். காரணம் போன பின்பும் விதி நிற்கலாமா என்று கேட்டவள் நான்தான். எனக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

ஐந்து மணிக்குப் போனேன். அவர் உள் அறையில் தனியே இருந்தார்.

“திரவியம், மிளகாய் இயந்திரத்தின் அருகில் நீங்கள் நிற்கக் கூடாது.”

“எல்லாரும் சொல்லியாச்சு. மாஸ்க் கெட்டிக்கிடுவேன்.”

“சனிக்கிழமை விதி இயந்திரத்துக்காக ஏற்பட்டதன்று. உங்களுக்காக ஏற்பட்டது.”

அவள் சொன்னவற்றைச் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு பெல்ட்டு போட்டா ரெண்டு வருஷம் ஓடும். அவ வாங்கச் சொல்லுத சாமானிலே பாதி வேண்டாத சாமானுன்னு முதல் மாசமே எனக்கு மனசிலாயிட்டு.”

“பிறகு ஏன் போனீர்கள்?”

“சனிக்கிழமைதான் மில்லிலே ஆளு நிறைய வரும். வேலையில்லாத புருஷன் வாசல்லே இருந்து இருமுதது அவளுக்குக் குறைச்சலா இருக்கும்னு நினைச்சேன். என்னை நாலு பேரு காணப்பிடாதுன்னு அனுப்புதான்னு நினைச்சேன். அவ வாய்விட்டுச் சொல்லதுக்கு முன்னாலே, நானே பத்து மணி பஸ்ஸுக்குப் போய் நிப்பேன்.”

“பத்தொன்பது ஆண்டுகளா?”

“ஆமா. சாலையிலே பழைய கூட்டாளி ஒருத்தன் கடையிலே சாயை குடிச்சிட்டு இருப்பேன். அஞ்சு மணிக்கு வந்தா வெந்நீர் வச்சிருப்பா. ‘இன்னைக்குச் சாலையிலே என்ன விசேஷம்?’னு கேப்பா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிடுவேன்.” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஒரு சனிக்கிழமையாவது ஒழுங்கா பதில் சொன்னதில்லை, டீச்சர்.”

ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. “தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்” என்று மட்டும் சொன்னேன்.

“தெரிஞ்சிருந்தா நாகர்கோவிலுக்குப் போயிருப்பேன். அதும் உள்ளதுதான். அவ என்னைச் சரியாத்தான் கணிச்சிருக்கா.”

எழுந்து வாசலுக்குப் போய்ப் பலகையை அவிழ்த்தார். முக்காலியை நான் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் கேட்டார்: “சங்கத்துக்கு நீங்கதானே எழுதுகிய? இதையும் எழுதுங்கோ.”

“உங்கள் நோயை ஊரார் முன்னால் வாசிக்க வேண்டுமா?”

“வாசிக்கணும். சொர்ணம்மா முதல் வரிசையிலேதான் இருப்பா. அவ கேக்கணும். உடம்புக்கு முடியல்லைன்னு பூசி மெழுகாதீங்கோ. இழுப்புன்னே எழுதுங்கோ.”

எழுதினேன். அரைப் பக்கம் ஒன்றரைப் பக்கமானது. ஞாயிற்றுக்கிழமை அனந்த் அதை வாசித்தான். இரண்டு இடங்களில் தடுமாறினான். நோயைச் சொல்லும் பகுதி வந்தபோது திரவியத்துக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொள்ள வெளியே எழுந்து போகவில்லை. முன் வரிசையிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, இருமி முடித்தார். அனந்த் அதுவரை நிறுத்திக் காத்திருந்தான்.

வெளியே வரும்போது சொர்ணம்மாள் என் கையைப் பிடித்தாள்.

“இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தப் பேரைச் சொல்லியிருப்பேனா, டீச்சர்? நாங்க என்னத்தைக் கண்டோம்!”

“சொல்லாமலிருந்தது அவள் விருப்பம். பெயர் வைத்தது உன் விருப்பம்” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மிளகாயை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னே பதினொரு பேர் நின்றார்கள். ஷீனா வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு இயந்திரத்தருகில் நின்றாள். திரவியம் எங்கே என்று கேட்டேன்.

“சாலைக்குப் போயாச்சு. என்ன வாங்கதுக்குன்னு கேட்டேன். ‘ஒண்ணும் வாங்கதுக்கில்லை. மிளகாய்க்குப் பயந்து போறேன். முடிஞ்சா போன் விளி, வாறேன்’னு சொல்லிச்சு. இந்த வரியிலே நின்ன அவ்வளவு பேரும் கேக்கத்தான் சொல்லிச்சு.” துணிக்குள் அவள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. “நாலரைக்கு முடிஞ்சிரும். அப்போ விளிச்சாப் போரும் இல்லையா, டீச்சரே?”

“அரைத்து முடித்ததும் அழைக்காதே” என்றேன். “இயந்திரத்தைக் கழுவி, தரையைக் கழுவி, நீ குளித்துவிட்டு அழை.”