நார்மனைத் தூக்க ஆறு பேர்

அவளுடைய சவ ஊர்வலத்தன்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் பீர் பாதி விலை. லண்டனில் ஆறு கறுப்புக் குதிரைகள் பீரங்கி வண்டியில் அவள் பெட்டியை இழுத்து வந்தன. இரண்டு பக்கமும் பட்டாளம் விறைத்து நின்றது. எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தை இழுத்து மூடிய முன்னாள் பிரதமருக்கு எங்கள் வரிப்பணத்தில் ராஜமரியாதை! அதை டிவியில் வேறு பார்க்க வேண்டியிருந்தது.

"நாடே கண்ணீர் விடுதாம்ல," என்றான் ஸ்டான். "எந்த நாடுய்யா அது? நாம இருக்குறது எங்க?"

"சத்தத்தைக் குறை. திங்கிறது செரிக்கல," என்றேன். என் வீட்டுக்காரர் கிளிஃப் பன்றிக்கறி சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் மேவிஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "நோரீன், உன் தங்கச்சி வீட்டைப் பார்த்தியா? முன் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருக்கா!"

மன்றமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வரிசை வீடுகளில் பட்டப்பகலில் முன் ஜன்னலை மூடுவது சாவுக்கு மட்டும்தான். ஊரில் யாராவது செத்திருந்தால் விடிவதற்குள் தெரிந்திருக்கும். அன்று டிவியில் போகிற பெட்டியைத் தவிர வேறு பெட்டி கிடையாது. அப்படியென்றால் ஹேசல் அவளுக்குத்தான் துக்கம் காக்கிறாள்.

"கருங்காலி பொண்டாட்டிக்கு வேற என்ன புத்தி வரும்?" என்றான் ஸ்டான்.

ஹேசலின் புருஷன் நார்மன்தான் அந்தக் கருங்காலி. சுரங்கத்தை மூடுவதை எதிர்த்து ஒரு வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தில் எங்களோடு பட்டினி கிடந்தவன், அது முடிய மூன்று வாரம் இருக்கையில் போலீஸ் காவலோடு பஸ் ஏறி வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக ஊரில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. கடைக்குள் அவன் நுழைந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வோம். ஹேசலோடு நான் கடைசியாகப் பேசியது எங்கள் அம்மாவின் சாவு வீட்டில்தான். அவன் செய்தது துரோகம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் போய்க் கதவை இடித்தேன். ஹேசல் திறந்தாள்.

"மானம் ரோஷம் இருக்காடி உனக்கு? நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவளுக்கா திரையை மூடி வச்சிருக்க? அப்பா இருந்திருந்தா..."

"நார்மன் போயிட்டாருக்கா," என்றாள் ஹேசல்.

முன்னறைக் கட்டிலில் கிடந்தான். தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். ஆள் பாதியாகியிருந்தான்.

"நெஞ்சு பூரா கரித்தூசி. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார்கிட்டச் சொல்லச் சொல்ற?" அவள் அழவில்லை. "விடியக்காலையில கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு. மூச்சு வாங்குது, என்னால தூக்கி உட்கார வைக்க முடியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, கணப்பு அடுப்பைக் கிளறுற கம்பியை எடுத்து ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்குற சுவத்தைத் தட்டினேன். பக்கத்து வீட்டுல விளக்கு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அணைஞ்சுது. அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்தப்ப மூச்சு நின்னிருந்துச்சு, அவங்கதான் தூக்கிக் கட்டில்ல போட்டாங்க."

கணப்புக் கம்பியால் சுவரைத் தட்டினால் உயிர் ஆபத்து என்று எங்கள் வரிசையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தட்டினது யார் என்று பார்க்காமல், உடுத்தின துணியோடு ஓடுவோம். பக்கத்து வீடு ஸ்டானுடையது.

"சவப்பெட்டிக் கம்பெனிக்காரர் கூலிக்கு ஆள் அனுப்புறேங்கிறாரு," என்றாள். "கூலியாளா தூக்கணும் இவரை? சொல்லுக்கா."

எங்கள் ஊரில் சுரங்கத்தில் இறங்கினவனைக் கூலியாள் தொடுவதில்லை. கூட இறங்கின ஆறு பேர்தான் வீட்டிலிருந்து தேவாலயம் வரைக்கும் தோளில் சுமப்பார்கள். அதுகூட இல்லாமல் போனவன் இதுவரை ஒருவனும் கிடையாது.

நான் மன்றத்துக்குத் திரும்பினபோது டிவியில் சிப்பாய்கள் அவள் பெட்டியைத் தோளில் ஏற்றிப் பெரிய தேவாலயத்தின் படியேறிக்கொண்டிருந்தார்கள். டிவியை அணைத்தேன்.

"ஏய், ஏய்!" என்று கத்தினார்கள்.

"நார்மன் செத்துட்டான். திரை அவனுக்குத்தான். தூக்க ஆறு பேர் வேணும்."

மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கருங்காலியை நான் தூக்க மாட்டேன்," என்றான் ஸ்டான்.

"விடியக்காலையில சுவத்துல தட்டினது உனக்குக் கேட்டுச்சா, கேட்கலையா?"

அவன் பீர் குவளையைப் பார்த்தான்.

"கேட்கிறேன்ல, சொல்லுடா!"

"கேட்டுச்சு," என்றான். "எழுந்துட்டேன். செருப்பைக்கூட மாட்டிட்டேன். அப்புறம்... அவன் வீடுதானேன்னு படுத்துட்டேன்."

"அட பாவி! நீயெல்லாம் மனுஷனா?" என்று கத்தினேன். "அவன் மேல எனக்கு மட்டும் கோபம் இல்லையா? சாகுற வரைக்கும் போகாது. ஆனா அவன் நம்ம ஆளுடா! நம்மகூட இறங்கினவன், நம்ம தூசியைத் தின்னு செத்தவன். லண்டன்ல அவளைத் தூக்க ஒரு பட்டாளமே நிக்குது. இவனைத் தூக்க இந்த ஊர்ல ஆறு தோள் கிடையாதா?"

கிளிஃப் சாண்ட்விச்சை வைத்துவிட்டு எழுந்தார். "நான் வரேன்," என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார், பிறகு இருவர். முணுமுணுத்துக்கொண்டே ஐந்தாவது ஆளும் வந்தார். மற்றவர்களுக்கு முழங்கால் போயிருந்தது, இல்லையென்றால் மூச்சு போயிருந்தது. ஆறாவது தோள் கிடைக்கவில்லை.

ஸ்டான் எழுந்து நின்றான். "ஹேசல் சம்மதிச்சா நான் வரேன், நோரீன். நீயே கேட்டுப் பாரு."

உன் நிழல்கூட அந்த வாசலில் விழக் கூடாது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. மறுபடி தங்கச்சி வீட்டுக்குப் போய், செருப்பு மாட்டினது உட்பட ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஹேசல் கட்டிலில் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"வரட்டும்," என்றாள். "தலைமாட்டுப் பக்கம் நிக்கச் சொல்லு. தனி ஆளா என்னால தூக்க முடியாத கனம் எவ்வளவுன்னு அவன் தோளுக்குத் தெரியட்டும்."